கிறீச்சிடும் பெல்ட் சொல்லும் வரலாறு

அதிகாலையில் காரைக் கிளப்பும்போது எஞ்சினின் முன்புறத்திலிருந்து ‘கிறீச்’ என்று ஓர் ஒலி எழுவதைக் கேட்டிருப்பீர்கள். மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் இது பலமாகக் கேட்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் தானே அடங்கிவிடும். வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றால் அங்கே அது வாயே திறக்காது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது!” என்பார். மறுநாள் காலையில் மீண்டும் அதே கூச்சல்!

கூச்சலிடுவது எஞ்சினின் முன்புறம் ஓடும் ரப்பர் பெல்ட். காது கூசுகிறதே தவிர வண்டி ஓடத்தானே செய்கிறது என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. அது சரியன்று. பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது இந்தப் பெல்ட்தான். பல வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றிவரச் செய்யும் பம்ப்பையும், ஸ்டியரிங்கை இலேசாக்கும் எண்ணெய்ப் பம்ப்பையும், குளிர்சாதனத்தின் கம்ப்ரஸரையும் இதுவே ஓட்டுகிறது. அத்தகைய வண்டியில் பெல்ட் அறுந்தால் ஸ்டியரிங் திடீரெனக் கனத்துவிடும். சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும். அறுவதற்கு முன் அது பல நாட்கள் எச்சரிக்கை செய்வதுண்டு. அந்த எச்சரிக்கைதான் கிறீச்சொலி.

ஆனால் அது ஏன் விட்டுவிட்டு வரவேண்டும்? குறை இருந்தால் எப்போதும் கத்த வேண்டும். இல்லையென்றால் எப்போதும் அமைதியாக இருக்க வேண்டும் அல்லவா? இதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கணித மேதை ஒருவரின் கயிறு, பஞ்சாலையின் தோல்வார், வயலினின் வில் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இக்கேள்விக்கு விடை தருகின்றன.

கட்டுத்தறியும் கயிறும்

முரண்டுபிடிக்கும் காளையை ஒருவர் கையால் மட்டும் பிடித்து நிறுத்த முடியாது. அதே கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால் ஒரு சிறுவன்கூட நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். துறைமுகத்தில் கப்பலைக் கட்டுவோரும் இதே வித்தையைத்தான் கையாள்கின்றனர். கயிறுக்கும் தறிக்கும் இடையே உள்ள உராய்வே இங்கே மனிதனுக்குத் துணை நிற்கிறது.

உராய்வின் அடிப்படை விதிகளைப் பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோன்தோன் 1699ஆம் ஆண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். அழுத்தும் விசை இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்காகும் என்பது அவற்றுள் முதன்மையானது. கயிறு உருளையைச் சுற்றிச் செல்லும்போது என்ன நிகழ்கிறது என்பதை 18ஆம் நூற்றாண்டில் லியோனார்ட் ஆய்லர் கணக்கிட்டார். ஜெர்மன் பொறியாளர் எய்ட்டெல்வைன் 1808இல் வெளியிட்ட நிலையியல் நூலிலும் இக்கணக்கு இடம்பெற்றது. இன்றும் பொறியியல் மாணவர்கள் இதை ஆய்லர்-எய்ட்டெல்வைன் சமன்பாடு என்றே படிக்கின்றனர்.

சமன்பாட்டை விட்டுவிட்டு விடையை மட்டும் பார்ப்போம். உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்ளுங்கள். கயிறு உருளையை அரைச் சுற்றுச் சுற்றினால் ஒரு பக்கத்து இழுவிசை மறுபக்கத்தைப்போல் சுமார் 2.6 மடங்கு இருக்கலாம், கயிறு நழுவாது. ஒரு முழுச் சுற்றானால் 6.6 மடங்கு. இரண்டு சுற்றானால் 43 மடங்கு. மூன்று சுற்றானால் சுமார் 285 மடங்கு! சுற்று கூடக் கூடப் பிடிப்பு கூட்டல் கணக்கில் வளர்வதில்லை. பெருக்கல் கணக்கில் வளர்கிறது. பெருக்கல் கணக்கில் வளர்வது, குறையத் தொடங்கினாலும் அதே வேகத்தில் சரியும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பஞ்சாலையின் தோல்வார்

பெல்ட்டின் பெருமை ஓங்கியது ஆலைகளில்தான். தொடக்க கால ஆலைகளில் நீர்ச்சக்கரத்தின் ஆற்றலைப் பற்சக்கரங்களும் கனத்த தண்டுகளும் தறிகளுக்குக் கொண்டுசென்றன. 1828இல் அமெரிக்காவின் லோவல் நகரிலிருந்த ஆப்பிள்டன் ஆலையில் பால் மூடி என்ற பொறியாளர், பற்சக்கரங்களுக்குப் பதிலாகத் தோல்வார்களைப் பயன்படுத்தினார். தோல்வார் எடை குறைந்தது, இரைச்சல் குறைவு, பழுதானால் எளிதில் தைத்துக்கொள்ளலாம். கூரையை ஒட்டி ஓடும் நீண்ட தண்டிலிருந்து ஒவ்வோர் எந்திரத்துக்கும் ஒரு வார் இறங்குகிற காட்சி, விரைவில் உலகின் பல ஆலைகளுக்கும் உரியதாயிற்று. நம் ஊர் மாவு மில்களில் மோட்டாரிலிருந்து கல்லுக்கு ஓடும் தட்டைப் பெல்ட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

தோல்வாருக்கு ஒரு குணம் உண்டு. அது நாளடைவில் நீளும், உலர்ந்தால் விறைக்கும், நழுவினால் கத்தும். கத்தும் வாருக்கு ஆமணக்கெண்ணெய் தடவினார்கள். தோலை மென்மையாக்கிப் பிடிப்பைக் கூட்ட அது உதவியது. அவசரக்காரர்கள் பைன் மரப் பிசினாகிய ரோசினைத் தூவினார்கள். வார் உடனே பற்றிக்கொள்ளும். ஆனால் பிசின் இறுகித் தூசியைச் சேர்த்து வாரைப் பாழாக்கும்.

‘கத்தியபின் மருந்து’ என்ற இந்த வழக்கத்தை மறுத்தவர் ஃபிரெடரிக் டெய்லர். இவர் ஒன்பது ஆண்டுகள் ஆலை வார்களைத் தொடர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்து, 1893இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார். வார் நழுவும் வரை காத்திராமல், குறித்த காலத்தில் விற்றராசு கொண்டு இழுவிசையை அளந்து இறுக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஒலியைக் கேட்டுக் குறையை அறிவதைவிட, அளந்து அறிவது மேல் என்ற கொள்கை இவ்வாறு பெல்ட் உலகில் புகுந்தது.

வார்கள் உயிரையும் வாங்கின. ஆடையோ கூந்தலோ சிக்கிக்கொண்டு தொழிலாளர்கள் மாண்டனர். சுழலும் எந்திரப் பகுதிகளுக்கு வேலியிட வேண்டும் என்று பிரிட்டனில் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் அவ்விதி இடம்பெற்றது. காரின் பானெட்டுக்குள் எட்டிப்பார்ப்பவருக்கு வேலி ஏதும் இல்லை. அவருடைய எச்சரிக்கையே வேலி.

ஆப்பு வடிவம் பிறந்தது

1908இல் வெளிவந்த ஃபோர்டு ‘மாடல் டி’ காரில் ரேடியேட்டர் விசிறியை ஒரு தட்டை வார் சுழற்றியது. பொதுவாக அவ்வண்டிகளில் தண்ணீர்ப் பம்ப் இல்லை; சூடான நீர் மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயற்கை ஓட்டமே போதுமானதாக இருந்தது. ஆகவே வார் சற்று நழுவினாலும் பெரிய கேடு விளையவில்லை.

எஞ்சின்கள் வலுத்தபோது தட்டை வார் போதவில்லை. 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் ரப்பரும் நூலும் சேர்த்து ஆப்பு வடிவப் பெல்ட்டைச் செய்தார். இதையே வி-பெல்ட் என்கிறோம். பட்டறைகளில் ‘புல்லி’ எனப்படும் கப்பியில் ஆப்பு வடிவக் காடி இருக்கும். பெல்ட்டை இழுக்க இழுக்க அது காடிக்குள் ஆப்புபோல் இறுகிப் பக்கச் சுவர்களை அழுத்தும். காடியின் கோணம் 36 பாகையானால், அதே ரப்பர், அதே இரும்பு, அதே இழுப்பில் உராய்வு மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

இப்போது பழைய கணக்குக்குத் திரும்புவோம். அரைச் சுற்றில் தட்டை வார் 2.6 மடங்கு வேறுபாட்டைத் தாங்கியது. ஆப்புப் பெல்ட் தாங்குவதோ சுமார் 21 மடங்கு! வடிவத்தை மாற்றியதால் கிடைத்த இலாபம் இது.

இதிலிருந்து ஒரு பரிசோதனையும் கிடைக்கிறது. வி-பெல்ட் காடியின் பக்கங்களை மட்டுமே தொட வேண்டும், அடியைத் தொடக்கூடாது. தேய்ந்து மெலிந்த பெல்ட் கீழே இறங்கி அடியில் உட்கார்ந்துவிட்டால் அது ஆப்பாக இராது. வெறும் தட்டை வார்தான். 21 மடங்கு 2.6 மடங்காகச் சரிந்துவிடும். காடியின் அடிப்பாகம் பளபளவென்று மின்னினால் இக்குறையை ஐயுறலாம்.

2014ஆம் ஆண்டுவரை நம் நாட்டில் தயாரான அம்பாசடர் காரைப் பலர் அறிவீர்கள். அதன் பழைய வண்டிகளில் ஒரே ஒரு வி-பெல்ட் விசிறியையும் தண்ணீர்ப் பம்ப்பையும் டைனமோவையும் சுழற்றியது. எஞ்சின் நின்றிருக்கும்போது பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்க வேண்டும் என்பது அக்கால மெக்கானிக்குகளின் வாய்பாடு. அதிகம் அமுங்கினால் நழுவும். அமுங்காவிட்டால் டைனமோவின் பேரிங் கெடும். டெய்லரின் விற்றராசு இங்கே கட்டைவிரலாக மாறிற்று எனலாம்.

வயலின் தந்த விடை

நழுவினால் ஏன் ஒலி எழ வேண்டும்? சோப்புத் தரையில் நழுவும் கால் கிறீச்சிடுவதில்லையே! இதற்கு விடை இசைக்கருவியில் கிடைத்தது.

ஓய்விலிருக்கும் பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படுவதைவிடப் பொதுவாக அதிகம். முன்னதை நிலை உராய்வு என்றும் பின்னதை இயக்க உராய்வு என்றும் சொல்வோம். கூலோம் 1785இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார்.

வயலின் வில் தந்தியின்மீது செல்லும்போது தந்தி வில்லோடு ஒட்டிக்கொண்டு சிறிது தூரம் போகிறது, பிறகு சட்டென்று விடுபட்டுப் பின்னே பாய்கிறது, மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனை நுண்ணோக்கியால் கண்டறிந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ந்து, வில்லால் மீட்டப்படும் தந்திகளின் அதிர்வு குறித்து 1918இல் ஒரு பெரிய ஆய்வு நூலை வெளியிட்டார். வில்லை எந்த அளவுக்கு அழுத்தினால் ஒலி நிலைக்கும் என்பதை அளக்க, எந்திரத்தால் இயங்கும் வயலின் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். பின்னர் 1939இல் கேம்பிரிட்ஜில் பௌடனும் லெபனும் உலோகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போதும் இதே ‘ஒட்டு–நழுவு’ இயக்கம் நிகழ்வதைக் காட்டினர்.

வில்லுக்கு ரோசின் பூசுவது ஏன் என்பது இப்போது விளங்கும். ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும். அப்போதுதான் நாதம் பிறக்கும். கப்பியின்மீது அரைகுறையாகப் பிடித்து அரைகுறையாக நழுவும் பெல்ட்டும் இவ்வாறே வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவைகளுக்கு மேல் ஒட்டி ஒட்டி விடுகிறது. வயலினில் நாதம், காரில் கூச்சல், இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றே.

ஏன் விட்டுவிட்டு வருகிறது?

இனி நம் முதற் கேள்விக்கு விடை காணலாம். நன்றாகப் பிடிக்கும் பெல்ட் கத்தாது. கத்துவது பிடிப்புக்கும் நழுவலுக்கும் நடுவே, எல்லைக்கோட்டில் நிற்கும் பெல்ட்தான். எல்லைக்கோட்டில் நிற்பதைச் சிறு மாறுதலும் இப்பாலோ அப்பாலோ தள்ளிவிடும்.

அதிகாலையில் மூன்று மாறுதல்கள் ஒருங்கே சேர்கின்றன. ஒன்று, பெல்ட்டின்மீது பனியீரம் படிந்திருக்கிறது. இரண்டு, குளிர்ந்த ரப்பர் விறைத்திருக்கிறது. மூன்று, எஞ்சினைக் கிளப்பியதில் பேட்டரி மின்சாரத்தை இழந்திருக்கிறது; அதை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் முழுமூச்சாக உழைக்கிறது. 14 வோல்ட்டில் 70 ஆம்பியர் மின்சாரம் தந்தால் அது ஏறக்குறைய 1 கிலோவாட். இவ்வளவு ஆற்றலும் ஒரு சிறு கப்பியின் வழியாகவே செல்ல வேண்டும்.

ஈரத்தால் உராய்வு பாதியாகிறது என்று கொள்வோம். பிடிப்பும் பாதியாகத்தானே குறையும் என்று எண்ணுவீர்கள். இல்லை! பெருக்கல் கணக்கு என்று சொன்னோமே, அது இங்கே தன் வேலையைக் காட்டுகிறது. 21 மடங்கு தாங்கிய பெல்ட் இப்போது 4.6 மடங்குதான் தாங்கும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பெல்ட்டாயின் உடனே நழுவும், கத்தும்.

சில நிமிடங்களில் ஈரம் உலர்கிறது, ரப்பர் இளகுகிறது, பேட்டரி நிறைய நிறைய ஆல்டர்னேட்டரின் பளு குறைகிறது. பெல்ட் எல்லைக்கோட்டின் நல்ல பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. பட்டறையில் அது அமைதியாக இருப்பதன் இரகசியம் இதுவே. அமைதி குணமானதற்கு அறிகுறியன்று. ஒவ்வொரு நழுவலும் ரப்பரைச் சூடாக்கி அதன் பரப்பைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்குகிறது. வழவழப்பான பெல்ட் இன்னும் எளிதாக நழுவுகிறது. நோய் உள்ளுக்குள் வளர்கிறது.

ஒரே பெல்ட், பல காடிகள்

ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங், குளிர்சாதனம் என்று பளுக்கள் கூடியபோது எஞ்சினின் முன்னே மூன்று, நான்கு வி-பெல்ட்டுகள் நெருங்கின. 1979ஆம் ஆண்டு மாடலான ஃபோர்டு மஸ்டாங்கில், பாம்புபோல் வளைந்து எல்லாக் கப்பிகளையும் சுற்றிவரும் ஒரே அகலப் பெல்ட் வந்தது. இதன் உட்புறத்தில் நீளவாக்கில் பல சிறு ஆப்பு வரிகள் இருக்கும். கார்களில் வழங்கும் வகையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரம் 3.56 மில்லிமீட்டர். இப்பெல்ட்டைப் பல வண்டிகளில் வில்சுருள் கொண்ட தானியங்கி இறுக்கி ஒன்று எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கும்.

இத்தனை நுண்ணிய வரிகள் வந்ததும் புதிய ஒலி ஒன்றும் வந்தது. ஒரு கப்பி சற்றே முன்னோ பின்னோ தள்ளியிருந்தால், வரிகள் காடிக்குள் நேராக நுழையாமல் பக்கவாட்டில் உரசி நுழையும். அப்போது எழுவது நீண்ட கிறீச்சொலியன்று. சிட்டுக்குருவி கத்துவதுபோல் ‘கிச், கிச்’ என்ற தாளமான ஒலி. எஞ்சின் மெதுவாக ஓடும்போது தெளிவாகக் கேட்கும்.

இரப்பரும் மாறியது. முன்பு பெல்ட்டுகள் நியோப்ரீன் வகை ரப்பரால் ஆனவை. முதுமையில் குறுக்கே வெடிப்பு விழும். வெடிப்பை எண்ணியே மாற்றும் காலத்தை முடிவு செய்தனர். இந்த நூற்றாண்டில் பரவலான ஈ.பி.டி.எம். ரப்பர் எளிதில் வெடிப்பதில்லை; டயர்போல் தேய்கிறது. வெடிப்பு இல்லை என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று இனிச் சொல்ல முடியாது. வரிகளின் ஆழத்தை அளவியால் பார்த்தே தேய்மானத்தை அறிய வேண்டும்.

நோயை அறிவது எப்படி?

முதலில், ஒலி எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கிளப்பும்போது, முகவிளக்கையும் குளிர்சாதனத்தையும் போடும்போது, ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பும்போது வருமானால், பளு கூடும் நேரத்தில் பெல்ட் நழுவுகிறது என்று பொருள். தளர்வு, தேய்மானம், எண்ணெய்க் கசிவு, சோர்ந்துபோன இறுக்கி இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். ‘கிச், கிச்’ என்ற தாளமானால் கப்பிகளின் நேர்வரிசையைப் பார்க்க வேண்டும். உறுமலோ கரகரப்போ கேட்டால் பேரிங்கை ஐயுற வேண்டும்.

மெக்கானிக்குகள் தண்ணீரால் செய்யும் சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது நீரைத் தெளிப்பார்கள். ஒலி சட்டென்று அடங்கி, உலர்ந்ததும் திரும்ப வந்தால் கப்பி வரிசை கோணியிருக்கிறது. உரசலை நீர் சற்றுத் தணித்திருக்கிறது. ஒலி முன்னிலும் ஓங்கினால் இழுவிசை போதவில்லை. இருந்த பிடிப்பையும் நீர் போக்கிவிட்டது. ஆய்லரின் கணக்கே இங்கே ஒரு குவளை நீரில் அடங்கிவிடுகிறது!

இச்சோதனையை அனுபவமுள்ளவரே செய்ய வேண்டும். ஓடும் பெல்ட்டருகே கையைக் கொண்டுபோகக் கூடாது. துண்டு, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் அருகே தொங்கக் கூடாது. மின்விசிறி பொருத்திய வண்டிகளில், எஞ்சினை நிறுத்திய பின்னும் விசிறி தானே சுழலத் தொடங்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

தோல்வார் காலத்து எண்ணெயும் பிசினும் இன்றைய ரப்பருக்கு மருந்தல்ல. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். பிசின் ஒலியைச் சில நாட்கள் மூடிமறைத்துத் தூசியைச் சேர்க்கும். புதுப் பெல்ட் போட்டும் சத்தம் திரும்பினால் குறை பெல்ட்டில் இல்லை. இறுக்கியிலோ கப்பியிலோ கசிவிலோ இருக்கிறது. கத்துவது பெல்ட், கத்த வைப்பது வேறொன்றாகவும் இருக்கலாம்.

2009இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் கலப்பினக் காரில் இந்தப் பெல்ட்டே இல்லை. பம்ப்புகளை மின்மோட்டார்களே ஓட்டின. மின்சாரக் கார்களிலும் எஞ்சின் இல்லை. ஆகவே அதன் முன்னே ஓடும் இந்தப் பெல்ட்டும் இல்லை. ஆனால் இன்று சாலையில் ஓடும் கோடிக்கணக்கான வண்டிகளில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டு வண்டியோ, நீங்கள் ஏறும் வாடகைக் காரோ காலையில் கிறீச்சிட்டால், ஓட்டுநரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எப்போது வருகிறது? எவ்வளவு நேரம் நிலைக்கிறது? எதைப் போட்டால் கூடுகிறது? அவ்விடைகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பட்டறையில் வாய்மூடி நிற்கும் பெல்ட்டுக்காக அந்தத் தாள் பேசும்.